எடைக் குறைப்பு அறுவை நெருங்குகிறது, கஞ்சாவை என்ன செய்வது?

கேட்டவர் தன்னைப் பற்றிச் சொன்னது சுருக்கமாக இது. வயது 36. இன்னும் ஏழு வாரத்தில் ஸ்லீவ் அறுவை, அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து மீதியைக் குழாய்போல ஆக்கும் அறுவை. ஆறு வருடமாகத் தினமும் இரவில் கஞ்சா புகைக்கிறார், புகையிலை கலந்து. அது இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை. மருத்துவமனையில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அறுவையை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயம். எப்போது நிறுத்த வேண்டும், அப்புறம் திரும்பத் தொடங்கலாமா, புகைக்காமல் மிட்டாயாகச் சாப்பிட்டால் பரவாயில்லையா என்று கேட்கிறார்.

என் வேலை மயக்க மருந்து கொடுப்பது. அதனால் கஞ்சா நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. நீங்கள் மேசையில் படுத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரமும், அதற்குப் பிறகு வரும் மூன்று மாதமும்தான் என் கவலை.

முதலில் சொல்வதா வேண்டாமா என்பது. சொல்லிவிடுங்கள். சில மையங்கள் தேதியைத் தள்ளிப்போடும். சில சிறுநீர்ச் சோதனை கேட்கும். சில குறித்து வைத்துக்கொண்டு மேலே போகும். எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது. ஏழு வாரம் முன்னால் சொன்னால் தேதி தள்ளிப்போகாமலே சரிசெய்ய நேரம் இருக்கிறது. அறுவை நாளன்று காலையில் தெரியவந்தால்தான் உண்மையிலேயே சிக்கல். அமெரிக்காவின் வட்டார (உடலின் ஒரு பகுதிக்கு மட்டுமான) மயக்க மருந்து, வலி மருத்துவச் சங்கம் 2023-ல் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கஞ்சா பற்றிக் கேட்கச் சொல்கிறது அது. எந்த வடிவில், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது என்று நான்கு கேள்விகள். ஆகவே உங்களிடமும் கேட்கப்படலாம். கேட்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள்.

எனக்கு ஏன் இது தெரிந்தாக வேண்டும்? கொலராடோவில் எண்டோஸ்கோபி செய்துகொண்ட 250 பேரின் பதிவுகளைப் பார்த்து 2019-ல் ஒரு ஆய்வு வெளியானது. அடிக்கடி கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மயங்க வைக்க, வலி அடக்கும் ஃபென்டனில் 14 சதவீதமும் தூக்கம் வரவைக்கும் மிடாசோலம் 20 சதவீதமும் கூடுதலாகத் தேவைப்பட்டன. மயக்க மருந்தான புரோபோஃபால் மூன்று மடங்குக்கும் மேல். அந்த 250 பேரில் கஞ்சா பழக்கம் உள்ளவர்கள் 25 பேர்தான், அதனால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பது மயக்க மருந்து கொடுக்கிற பலருக்கும் பழகிய விஷயம். வழக்கமான அளவு கொடுத்தும் ஆள் அசைகிறார் என்றால், காரணம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அந்த நிமிடம் ஒன்றுபோல இருக்காது.

அடுத்தது இதயம். கஞ்சா புகைத்தவுடன் நாடித்துடிப்பு ஏறும். புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 4.8 மடங்கு கூடுவதாக 2001-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. மேலே சொன்ன வழிகாட்டி, புகைத்துக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆகாமல் அவசரமில்லாத அறுவையைத் தொடங்க வேண்டாம் என்கிறது. போதையில் வந்தால் தள்ளிவைக்கவும் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு 'இரண்டு மணி நேரம் முன்பு வரை இழுக்கலாம் போல' என்று நினைப்பவர்களும் உண்டு. அது மருத்துவர்களுக்கான கடைசிக் கோடு, உங்களுக்கான அனுமதி இல்லை.

வயிறும் இதில் சேர்கிறது. டி.எச்.சி., அதாவது கஞ்சாவில் போதை தருகிற பொருள், இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். வெறும் வயிறு என்று நாங்கள் நினைக்கும் வயிற்றில் ஏதாவது மிச்சமிருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். புகையால் எரிச்சலடைந்த மூச்சுக்குழாய், நாங்கள் சுவாசத்துக்கான குழாயை நுழைக்கும்போது சட்டென்று இறுக்கிக்கொள்ளவும் செய்யும். உடல் பருமன் உள்ளவருக்கு மூச்சு விஷயத்தில் எங்களுக்கு ஏற்கெனவே கையிருப்பு குறைவு. மூச்சு நின்ற பிறகு ஆக்சிஜன் வேகமாக இறங்கும். அதன் மேல் இதையும் ஏற்ற வேண்டாமே.

எப்போது நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். பலர் இங்கேதான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 'முந்தைய நாள் வரை வைத்துக்கொண்டு, அறுவை நாளில் விட்டுவிடுகிறேன், மருத்துவமனையில் எப்படியும் கிடைக்காதே' என்பார்கள். தினமும் பயன்படுத்தியவர் திடீரென்று விட்டால் ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தூக்கமும் கனவும் மட்டும் இன்னும் சில நாள் படுத்தும். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு இதை முறையான நோயறிதலாகவே சேர்த்துக்கொண்டது. இந்தக் கணக்கை அறுவைத் தேதியோடு வைத்துப் பாருங்கள். அறுவை நாளில் நிறுத்தினால், வயிற்றில் புதுத் தையல், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடிக்க வேண்டிய நிலை, வலி, குமட்டல் எல்லாம் இருக்கும் அதே வாரத்தில் இதுவும் உச்சத்தில் இருக்கும். வியர்வையும் வேகமான நாடியும் தையல் கசிவின் அறிகுறியா, கஞ்சா விட்டதாலா என்று யாருக்கும் தெரியாது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க நள்ளிரவில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

உங்களுக்கு ஏழு வாரம் இருக்கிறது. நான் சொல்வது இது: முதல் பத்து நாளில் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், அதற்குப் பிறகு முழுதாக நிறுத்துங்கள். அப்போது அறுவைக்கு முன் ஐந்து வாரத்துக்கு மேல் சுத்தமாக இருக்கும். விட்டதால் வரும் தொல்லைகள் எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும். அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்கக் கொடுக்கும் இரண்டு வார உணவுக் கட்டுப்பாடு தொடங்கும்போது எரிச்சலும் பசிக்குழப்பமும் சேர்ந்து வராது. நாலு வாரம் என்பது என் குறைந்தபட்சம். உங்கள் மையம் அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அவர்கள் சொல்வதே சரி.

நிறுத்த முடியாமல் போனால்? அப்போதும் சொல்லிவிட்டு வாருங்கள். மயக்க மருந்தையும் வலி மருந்தையும் அதற்குத் தகுந்தபடி திட்டமிடலாம். கடைசி நாளில் யாருக்கும் தெரியாமல் திடீரென்று நிறுத்துவதைவிட அது மேல்.

தூக்கம் பற்றிச் சொன்னீர்களே, அது எனக்கு வேறொரு சந்தேகத்தைக் கொடுக்கிறது. உடல் பருமனோடு தூக்கமும் சரியில்லை என்றால் முதலில் தேட வேண்டியது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். குறட்டை உண்டா, காலையில் தலைவலியா, பகலில் கண் சொருகுகிறதா? அப்படியானால் ஆறு வருடமாக நீங்கள் கஞ்சாவால் மூடி வைத்திருப்பது அதுவாகவே இருக்கலாம். தூக்கச் சோதனை கேளுங்கள். நோய் உறுதியானால் இரவில் காற்றழுத்தக் கருவி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அறுவைக்குப் பிறகு வலி மருந்து கொடுக்கும்போதும் அதை மனத்தில் வைத்துக்கொள்வார்கள். கஞ்சாவே இதற்கு மருந்து என்று சிலர் நம்புகிறார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018-ல் அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நிறுத்திய முதல் வாரங்களில் கனவுகள் துல்லியமாக, சில சமயம் பயமுறுத்துவதாக வரும். இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

புகையிலை கலப்பதைப் போகிற போக்கில் சொன்னீர்கள். நான் அதைத்தான் சிவப்பு மையில் அடிக்கோடிடுவேன். புகையிலை இரத்த ஓட்டத்தைக் குறுக்கும், காயம் ஆறுவதைக் கெடுக்கும். பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் இன்னொரு எடைக் குறைப்பு அறுவை) செய்துகொண்டவர்களுக்கு இணைப்பில் வரும் புண்ணுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது. 'நான் சிகரெட் பிடிப்பதில்லை' என்று மனசாட்சியோடு எழுதிக் கொடுத்துவிட்டு, கஞ்சாவோடு சேர்ந்து போகும் நிக்கோடினால், அதன் தடத்தைக் காட்டும் கோட்டினின் சோதனையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கஞ்சாவை விடும்போது நிக்கோடினை விட்ட எரிச்சலும் கூடவே வரும். இரண்டும் ஒன்றாக வருகிறது என்று தெரிந்தால் நிக்கோடினுக்குத் தனியாக உதவி கேட்கலாம். வேப்புக்கு (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவிக்கு) மாறுவது தீர்வு என்று நினைக்க வேண்டாம். 2019-ல் அமெரிக்காவில் வேப் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட நுரையீரல் பாதிப்பு வெடித்தது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறப்பு மட்டும் 68. பெரும்பாலானவர்கள் பயன்படுத்தியது டி.எச்.சி. திரவம்தான்.

சிறுநீர்ச் சோதனை பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. டி.எச்.சி. கொழுப்பில் கரையும், கொழுப்பில் தங்கும். தினமும் பயன்படுத்தியவருக்கு நிறுத்தி ஒரு மாதம் தாண்டியும் சோதனை பாசிட்டிவ் காட்டலாம். உடலில் கொழுப்பு அதிகமாக இருந்தால் இன்னும் இழுக்கும். கொழுப்பு கரையும்போது அதில் பதுங்கியிருந்த டி.எச்.சி. கொஞ்சம் இரத்தத்துக்குத் திரும்புகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களிலும், சைக்கிள் மிதித்த பிறகு அளவு சற்று ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்காகப் போதை ஏறாது. ஆனால் நீங்கள் உண்மையாக நிறுத்தியிருந்தும் சோதனை வேறு கதை சொல்லலாம். நிறுத்திய தேதியை முன்னாடியே குழுவிடம் சொல்லி வைத்திருந்தால் அந்த முடிவை அவர்கள் அதற்கேற்பப் படிப்பார்கள். சொல்லாமல் இருந்தால் பொய்யன் பட்டம்தான்.

சரி, அறுவை முடிந்தது. முதலில் வலி. கஞ்சா பழக்கம் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டதாக ஆய்வு இருக்கிறது. முதல் மூன்று மாதச் சிக்கல்களிலும் எடை இறங்கியதிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் அதே மாதிரி ஆய்வுகளில்தான் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கஞ்சா புகைத்தவர்கள் எல்லோரும் மோசமாகப் போவார்கள் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது வாந்திக்கு.

2004-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதி நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. பல வருடம் தொடர்ந்து கஞ்சா பயன்படுத்தியவர்கள் சிலருக்கு அடக்க முடியாத வாந்தி விட்டுவிட்டு வருகிறது. சுடச்சுட வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்குகிறது. கஞ்சாவை நிறுத்தினால் நிற்கிறது, திரும்பத் தொடங்கினால் திரும்புகிறது. கஞ்சா மிகைவாந்தி நோய் என்று இதைச் சொல்லலாம். கீமோதெரபி வாந்திக்கு மாத்திரையாகக் கொடுக்கும் பொருளே வாந்தி எடுக்க வைக்கிறது என்பது விநோதம்தான். அதனாலேயே பாதிக்கப்பட்டவர்கள் நம்ப மறுத்து, வாந்தியை அடக்க இன்னும் கொஞ்சம் புகைக்கிறார்கள். வழக்கமான வாந்தி ஊசி இதில் பலருக்குச் சரியாக வேலை செய்வதில்லை. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தும், வயிற்றின் மேல் தடவும் கேப்சைசின் (மிளகாய்க் காரப்பொருள்) களிம்பும் உதவுகின்றன. முழுத் தீர்வு நிறுத்துவது மட்டுமே.

இப்போது இதை ஸ்லீவ் வயிற்றில் வைத்துப் பாருங்கள். அறுவைக்குப் பிறகு வாந்திக்கு ஏற்கெனவே பத்துக் காரணம் இருக்கும். வேகமாகச் சாப்பிட்டது, ஸ்லீவ் குறுகியது, புண், பைபாஸ் என்றால் குடல் உள்ளே பிணைந்தது, எடை வேகமாக இறங்கியதால் பித்தப்பைக் கல். கஞ்சா பற்றி யாருக்கும் தெரியாவிட்டால் இவை ஒவ்வொன்றையும் தேடி எண்டோஸ்கோபியும் ஸ்கேனும் நடக்கும், காரணம் கிடைக்காது. இன்னொரு பக்கம், கஞ்சா என்று தெரிந்தவுடனே 'அதான் காரணம்' என்று முடித்துவிடுவதும் ஆபத்து. குடல் பிணைப்பைத் தவறவிட்டால் உயிருக்கே வினை. வெந்நீர்க் குளியல் ஒரு துப்பு, சான்று ஆகாது. ஆபத்தானவற்றை முதலில் விலக்கிவிட்டுத்தான் கஞ்சா மீது பழி போட வேண்டும்.

வாந்தி எதனால் வந்தாலும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வைட்டமின் பி1, தயமின். உடலில் அதன் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான். உள்ளே போகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அறுவைக்குப் பிறகு சாப்பாடே கொஞ்சம், அதையும் வாந்தி எடுத்தால், மாத்திரையும் தங்காவிட்டால், மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகும், கண் ஆடும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். வெர்னிக்கே பாதிப்பு என்று பெயர். எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இது வருவது நன்றாகப் பதிவான விஷயம். நேரத்துக்கு நரம்பு வழியாகத் தயமின் ஏற்றினால் திரும்பலாம். தாமதித்தால் ஞாபகம் நிரந்தரமாகப் போகலாம். இதில் கஞ்சாவுக்கு இன்னொரு கெட்ட பங்கும் உண்டு. தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் பார்க்கிறவர் 'போதையில் இருக்கிறான்' என்று நினைத்து அனுப்பிவிடலாம். நோயாளியேகூட அப்படி நினைத்துக்கொண்டு படுத்துவிடலாம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும் என்ற விதி இந்த நோயாளிகளுக்குக் கட்டாயம் பொருந்தும்.

மிட்டாயாகச் சாப்பிடலாமா என்ற கேள்வி. புகை இல்லை என்பதால் நுரையீரலுக்கு நல்லதுதான், ஆனால் இந்த வயிற்றுக்கு அது பொருந்தாது. சாதாரண வயிற்றிலேயே வாய்வழி கஞ்சா ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாற்றி அனுப்பும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டாவதைப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். அறுவைக்குப் பிறகு வயிறு காலியாகும் வேகமும் உறிஞ்சும் இடமும் மாறிவிடும். பழைய அளவு பழைய விளைவைத் தரும் என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை. பைபாஸ் செய்தவர்களுக்கு மதுவில் நடப்பதைப் பாருங்கள், அதே கோப்பை வேகமாகவும் உயரமாகவும் ஏறுகிறது. இதற்கு மேல், அந்த மிட்டாயில் இருப்பது சர்க்கரை. பைபாஸ் வயிற்றில் அது சட்டென்று குடலுக்குள் கொட்டி வியர்த்து நடுங்க வைக்கும்.

பசியையும் மறந்துவிடக் கூடாது. டி.எச்.சி. பிடித்துக்கொள்ளும் சி.பி.1 ஏற்பி, அதாவது உயிரணுவில் பொத்தான்போல இருக்கும் இடம், பசியைத் தூண்டுவது. அதே ஏற்பியை அடைத்து எடையைக் குறைக்க ரிமோனாபாண்ட் என்ற மருந்து 2006-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடை குறைந்தது உண்மை. ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008-லேயே திரும்பப் பெற்றார்கள். அதாவது நீங்கள் இரவில் அழுத்தும் பொத்தான், ஒரு காலத்தில் எடை குறைக்க மருத்துவம் அணைத்துப் பார்த்த பொத்தான். முதல் மூன்று மாதம் பசி எப்படியும் இருக்காது, அதனால் இது தெரியாது. ஆறாவது மாதத்திலிருந்து, இரவு பதினொரு மணிக்குக் கொறிக்கும் கை திரும்பி வரும்போது தெரியும்.

'அப்படியானால் எப்போதும் கூடாதா' என்றால், என் நேரான பதில்: முதல் ஆறு மாதம் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகும் தினப் பழக்கமாகத் திரும்பினால் அறுவையின் பலனையே அது தின்னும் என்பது என் கருத்து. வலிப்புக்கோ வேறெதற்கோ மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதியவரும் அறுவைக் குழுவும் பேசி முடிவெடுக்கட்டும். கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. எண்ணெயை 'போதை இல்லாதது' என்று வாங்குவதானால் இரண்டு விஷயம். இணையத்தில் விற்ற 84 பொருட்களை 2017-ல் சோதித்தபோது லேபிளில் எழுதியபடி இருந்தவை 31 சதவீதம்தான். 18 பொருட்களில் டி.எச்.சி.யே இருந்தது. அப்புறம், சி.பி.டி. கல்லீரலில் மற்ற மருந்துகள் உடையும் பாதையைத் தடுக்கும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தால் விளையாட வேண்டாம்.

நிறுத்துவது கடினமாக இருந்தால் அது உங்கள் மன பலவீனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கஞ்சாப் பழக்கத்தை அளக்க கடிட்-ஆர் (CUDIT-R) என்று எட்டுக் கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. எட்டு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் பழக்கம் அபாயக் கட்டத்தில் இருக்கிறது, பன்னிரண்டோ அதற்கு மேலோ வந்தால் முறையாக மதிப்பிட வேண்டும். கஞ்சா சார்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. பேச்சு வழிச் சிகிச்சைகள்தான் வேலை செய்கின்றன. அறுவைக்கு முன் மனநல மதிப்பீடு எப்படியும் உண்டு, அங்கேயே கேளுங்கள். கஞ்சாவை விட்ட இடத்தில் மதுவை வைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பெரிய அளவில் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில் மதுச் சார்பு அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம், அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதம். முதல் ஆண்டில் ஏறவில்லை, இரண்டாம் ஆண்டில்தான் ஏறியது. எல்லோரும் கண்காணிப்பை விட்டுவிடும் நேரம் அது.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஆறு வருடம், தினமும் இரவு, புகையாக, புகையிலை கலந்து, இவ்வளவு அளவு, நிறுத்தப்போகும் தேதி இது, தூக்கம் சரியில்லை, தூக்கச் சோதனை வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டுங்கள், போதும். வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரிடம் இன்னொரு தாள் இருக்கட்டும். அறுவைக்குப் பிறகு இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரும் தங்காமல் வாந்தி வந்தால், அல்லது பார்வையோ நடையோ தடுமாறினால், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்; போனவுடன் 'எடைக் குறைப்பு அறுவை ஆனவர், தயமின் கொடுங்கள், கஞ்சாப் பழக்கம் இருந்தது' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.